டேட்டாபேஸிலிருந்து சிஸ்லாக்குக்கு (கணினியின் பொது லாக்): வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஃபங்ஷனுக்குள் ரெய்ஸ் இன்ஃபோ (செய்தி காட்டும் கட்டளை) போட்டேன். திரையில் வருகிறது, சர்வர் லாக்கில் ஒரு வரி கூட இல்லையே ஐயா? (ஹட்டன்)

பதில்: எந்த மட்டத்திலிருந்து லாக்கில் எழுத வேண்டும் என்று சொல்லும் லாக்_மின்_மெசேஜஸ் இயல்பாகவே வார்னிங்கில் இருக்கும். இன்ஃபோவும் நோட்டீஸும் அதற்குக் கீழே, அதனால் திரையோடு நின்றுவிடும். ரெய்ஸ் லாக் என்று எழுதுங்கள், வரும். இதற்காக மட்டத்தை இறக்கிவைக்காதீர்கள். தேவையில்லாத நோட்டீஸ் எல்லாம் வந்து டிஸ்க்கை நிரப்பும்.

கேள்வி: சிஸ்லாக்குக்கு எதுவும் போகவில்லை. என்ன செய்வது? (பண்டாரவளை)

பதில்: எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதக் கூடாதா? போஸ்ட்கிரெஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். லாக்_டெஸ்டினேஷனில் சிஸ்லாக் என்று போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. செய்திகள் லோக்கல்0 என்ற சிஸ்லாக் பிரிவு வழியாகப் போகும். அதை எந்தக் கோப்பில் எழுதுவது என்று ஆர்சிஸ்லாக்கிலும் (சிஸ்லாக் செய்திகளை வாங்கி எழுதும் மென்பொருள்) சொல்ல வேண்டும். இன்னொன்று: போஸ்ட்கிரெஸ்ஸின் எரர், சிஸ்லாக்கில் வார்னிங்காகத்தான் பதிவாகும். அங்கே எரருக்கு மேல் மட்டும் வடிகட்டினால் சாதாரண எரர் எதுவும் கண்ணில் படாது.

கேள்வி: எங்கள் தேயிலைக் கொழுந்து நிறுவை மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் ட்ரிகர் (தானாக ஓடும் நிரல்) வைத்து, தொழிலாளியின் பெயர், அடையாள அட்டை எண், கிலோ, சம்பளம் எல்லாவற்றையும் சிஸ்லாக்கில் எழுதுகிறோம். தகராறு வந்தால் காட்டலாம்தானே? (தலவாக்கலை)

பதில்: காட்ட முடியாது. உடனே நிறுத்துங்கள்.

அந்திக் கொழுந்து 18 கிலோ என்று கிளாக்கர் (எழுத்தர்) டைப் அடிக்கிறார். ட்ரிகர் லாக்கில் எழுதிவிடுகிறது. அடுத்த நொடி ஏதோ பிழை, டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆகிறது, அதாவது அந்தப் பதிவு ரத்தாகிறது. டேபிளில் 18 இல்லை, லாக்கில் இருக்கிறது. சம்பள நாளில் கொழுந்து பறித்த அம்மா வந்து கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? லாக்கை வேறு மெஷினுக்கு யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறை) அனுப்பினால் வழியில் சில வரிகள் தொலையும், தொலைந்ததும் தெரியாது.

அதைவிட எனக்குப் பொறுக்காதது அடையாள அட்டை எண். டேட்டாபேஸுக்கு பாஸ்வேர்ட் கேட்கிறீர்கள், லாக்கை யார் யாரோ திறக்கிறார்கள். 'எரர் வருது, பாருங்க' என்று முழுக் கோப்பையும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. திறந்தால் ஒரு தோட்ட டிவிஷன் ஆட்களின் பெயரும் எண்ணும் சம்பளமும் வரிசையாக இருக்கும். அவர்களிடம் யார் அனுமதி கேட்டது? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது தவறுதான்.

தகராறுக்குத் தனியாக ஆடிட் டேபிள் (மாற்றங்களைப் பதியும் டேபிள்) வையுங்கள். அதே டிரான்சாக்ஷனில் எழுதுங்கள், ரோல்பேக் ஆனால் அதுவும் சேர்ந்தே போகும். லாக்கில் 'நிறுவை 4471 திருத்தப்பட்டது' என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

கேள்வி: ஆரக்கிள் டேட்டாபேஸின் அலர்ட் லாக்கில் (அது தன் முக்கியச் செய்திகளை எழுதும் கோப்பு) நாமே எழுத முடியுமா? (நுவரெலியா)

பதில்: முடியும். டிபிஎம்எஸ்_சிஸ்டம் பேக்கேஜின் கேஎஸ்டிடபிள்யூஆர்டி என்ற புரோசீஜரை அழையுங்கள், அதற்குக் கொடுக்கும் முதல் எண் 2. பேக்கேஜ் முழுவதற்கும் அனுமதி கொடுக்காமல், சின்ன புரோசீஜருக்குள் வைத்துக் கொடுங்கள். ஆட்களின் விவரம் இங்கேயும் கூடாது.

கேள்வி: தமிழில் எழுதும் நீண்ட செய்தி சிஸ்லாக்கில் பல துண்டாக வருகிறது, அண்ணா. (பதுளை)

பதில்: போஸ்ட்கிரெஸ் நீண்ட வரியை ஏறத்தாழ 1,000 பைட்டுக்குள் அடங்கும்படி வெட்டி அனுப்பும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் ('கி' என்பது க, ி என்று இரண்டு குறி). அப்படியென்றால் 300 குறிக்குள் முடிக்க வேண்டும். சிஸ்லாக்_ஸ்ப்ளிட்_மெசேஜஸை ஆஃப் செய்தால் வெட்டாது, ஆனால் எதிர்முனை அவ்வளவு நீளத்தை ஏற்குமா என்று முதலில் டெஸ்ட் மெஷினில் பாருங்கள்.