தென்னையில் வெள்ளை ஈ: மருந்து அடித்தும் ஏன் கூடியது?

வணக்கம். மூன்று முறை பூச்சிமருந்து அடித்தும் சுருள் வெள்ளை ஈ கூடிவிட்டது, ஓலையெல்லாம் கரி பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நான்காவது முறை அடிக்காதீர்கள். ஈயை அடக்கி வைத்திருக்கும் எதிரிதான் முதலில் சாகிறது.

2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட பூச்சி இது. ஓலைச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதச்சத்து சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக நிறையக் குடித்து, மிச்சச் சர்க்கரையைத் தேன்துளியாகக் கழிக்கும். அது கீழோலையின் மேல் சொட்ட, கரும்பூசணம் வளர்ந்து வெயிலை மறைக்கிறது. பூசணத்துக்குத் தனி மருந்து வேண்டாம்: லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சி, ஆறவைத்துத் தெளியுங்கள். காய்ந்து உரியும்போது கரியும் சேர்ந்து வரும்.

இனிதான் முக்கியமான வேலை. ஓலையின் அடிப்புறத்தைக் கைலென்ஸில் பாருங்கள். கூட்டுப்புழுவின் காலித் தோலில் ஆங்கில ‘T’ எழுத்து வடிவப் பிளவு இருந்தால் ஈ தப்பிவிட்டது. வட்டத் துளை இருந்தால், நான் சொன்ன எதிரி, அதாவது ஈயை உள்ளிருந்து தின்ற என்கார்சியா என்ற சிறு குளவி, வெளியே வந்திருக்கிறது. வட்டத் துளை நிறைந்த ஓலையில் இன்னும் வெளிவராத குளவிகளும் இருக்கும். அதைத் துண்டுகளாக வெட்டி, ஈ மிகுந்த மரங்களின் ஓலையில் குத்தி வையுங்கள். துளையே காணோமென்றால் மருந்தடிக்காத பக்கத்துத் தோப்பிலோ ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ கேளுங்கள்.

ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பொறி கட்டியிருந்தால், குளவி விடும்முன் கழற்றிவிடுங்கள். மஞ்சளுக்குக் குளவியும் போய் ஒட்டிக்கொள்ளும்.