எடை: ஐம்பதில் ஒரு கணக்கு, எழுபதில் வேறு கணக்கு

கேள்வி: எனக்கு 52 வயது, எடை கூடுதல். நடுவயதில் குண்டாக இருந்தால் பின்னாளில் மறதிநோய் வரும் என்கிறார்கள். ஆனால், குண்டான முதியவர்களுக்கு அந்த நோய் குறைவு என்றும் படித்தேன். எதை நம்புவது? 76 வயது அம்மா ஒரு வருடமாகத் தானாகவே மெலிந்து வருகிறார். அது நல்லதுதானே?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரமானது. நல்லதல்ல. முயற்சி எதுவும் இல்லாமல் ஓராண்டுக்குள் எடை 5 சதவீதம் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோவில் 3 கிலோ, மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பல் தொல்லை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு, புற்றுநோய், சாப்பிடும் மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம். மறதிநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

உங்கள் குழப்பத்துக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு தொடர்ந்த ‘வைட்ஹால் 2’ ஆய்வில், 50 வயதில் உடல் பருமன் இருந்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் கூடுதலாக வந்தது. 60, 70 வயதுப் பருமனில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. காரணம், நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் 8 ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் முதியவர்களை மட்டும் சில ஆண்டுகள் கவனித்தால், ஒல்லியாக இருப்பதே ஆபத்து என்று தோன்றும். பெரும்பாலும் நோய்தான் முந்திக்கொண்டு அவர்களை மெலிய வைத்திருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். எடை பார்க்கும் கருவியைவிட இடுப்பை அளக்கும் நாடாவை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினை மந்தமாக்கும், அழற்சியைத் தூண்டும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இந்த வழியிலும் பழுதாகலாம். எனவே எடை மெதுவாக இறங்கினாலும் பரவாயில்லை. அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இப்போதே பரிசோதித்துக் கட்டுக்குள் வையுங்கள். பலத்த குறட்டை இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்றும் பாருங்கள். பலரும் அதைச் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள்.

பருமன் ஒரு காரணிதான், தலையெழுத்து அல்ல. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் புகைபிடித்தலும் காது மந்தமும்கூட உண்டு.

அப்புறம், நீங்கள் உணவைக் குறைக்கும்போது அம்மாவையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். அவருக்குத் தேவை போதிய புரதமும், தசை கரையாமல் காக்கும் எளிய பயிற்சியும். மருத்துவரிடம் போகும்போது அவருடைய பழைய எடைக் குறிப்புகளையும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். நினைவாற்றல் பரிசோதனையையும் நீங்களே கேட்டு வாங்குங்கள்.