கை அசைவும் கண் பார்வையும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன?

மேசையில் இருக்கும் டம்ளரை எடுக்கக் கை நீளும்போது விரல்களைக் கவனித்துப் பாருங்கள். டம்ளரைத் தொடும் முன்பே அதன் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரிந்து, அப்புறம் நெருங்க நெருங்கக் குறுகும். அளவைச் சொன்னது கண். இப்படி இரண்டும் சேர்ந்து இயங்குவதைத்தான் கண்-கை ஒருங்கிணைப்பு என்கிறோம்.

சரி, கை பதிலுக்கு என்ன செய்கிறது? எனக்கு மிகவும் வியப்பான பகுதி இதுதான். காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்து இலக்கை நோக்கிப் பந்தை எறிந்தால், முதலில் தள்ளிப்போய் விழும். எறிய எறியக் குறி சரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் பந்து எதிர்ப்பக்கம் விலகும்! ஒவ்வொரு தவறையும் வைத்து மூளை, குறிப்பாகச் சிறுமூளை, கண் காட்டும் இடத்துக்கும் கை போகும் இடத்துக்கும் உள்ள கணக்கைத் திருத்திக்கொண்டதே காரணம். தராசு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பது போன்ற வேலை இது.

கண் பார்வைக்குச் சொந்த அசைவு எவ்வளவு தேவை என்பதை ஹெல்ட், ஹெய்ன் என்ற ஆய்வாளர்கள் பூனைக்குட்டிகளை வைத்துச் சோதித்து 1963-இல் வெளியிட்டார்கள். தானே நடந்து பார்த்த குட்டிக்குப் பார்வையால் வழிநடக்கத் தெரிந்தது. அதே காட்சிகளைக் கூடையில் உட்கார்ந்தபடி பார்த்த குட்டி, தரையருகே இறக்கியபோது, மற்ற குட்டிகளைப் போல ஊன்றுவதற்காக முன்காலை நீட்டவில்லை.

வேலை செய்யும்போது கண் கையையே பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கண் பெரும்பாலும் கைக்கு முன்பே பொருளுக்குப் போய்விடும், கை அதைத் தொடும் நேரத்தில் அடுத்ததற்குத் தாவிவிடும்.