சீட்டைத் திரும்ப வைக்காமல் எடுத்தால், இரண்டாவது சீட்டு ஏஸாக இருக்கும் வாய்ப்பு குறைகிறதா?

குறைவதில்லை. முதல் சீட்டு என்னவென்று பார்க்காதவரை, அதைச் சீட்டுக்கட்டில் திரும்ப வைத்தாலும் வைக்காவிட்டாலும் இரண்டாவது சீட்டு ஏஸாக இருப்பதற்கான நிகழ்தகவு 1/13 தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த விடையைச் சொன்னதும் அவர்களில் பாதிப் பேர் நான் ஏதோ தவறிச் சொல்லிவிட்டதாகவே நினைக்கிறார்கள்.

எனக்கும் இது பாடப்புத்தகத்தால் விளங்கியதன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் இல்லாத இரவுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வீட்டார் எல்லோரும் சீட்டாடினோம். ஈரத்தில் ஊறி இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்ட சீட்டுகளைப் பெரியப்பா நகத்தால் பிரித்துப் பிரித்துப் போட்டார். (ஒட்டிக்கொள்ளும் கட்டை வைத்துக்கொண்டு நிகழ்தகவு பேசக்கூடாது என்பது வேறு விஷயம்.) கடைசியில் உட்கார்ந்திருந்த நான், நல்ல சீட்டெல்லாம் முன்னால் இருப்பவர்களுக்கே போய்விடுகிறது என்று முணுமுணுத்தபோது, "கவுந்து கெடக்குற சீட்டுல எது மொதல்ல, எது கடைசின்னு எழுதியா இருக்கு?" என்று கேட்டார்.

அவர் கேட்டதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 52 சீட்டுகளில் ஏஸ் 4. முதலாவதும் ஏஸ், இரண்டாவதும் ஏஸ் என்பது 4/52 × 3/51. முதலாவது வேறு ஏதோ ஒன்று, இரண்டாவது ஏஸ் என்பது 48/52 × 4/51. இரண்டையும் கூட்டினால் 204/2652, அதாவது 1/13.

அப்படியானால் திரும்ப வைக்காததால் மாறுவது எது? இரண்டு சீட்டுகளுக்கும் இடையே உள்ள உறவுதான் மாறுகிறது. திரும்ப வைத்துக் கலைத்து எடுத்தால் இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள், அதாவது ஒன்று மற்றொன்றைப் பாதிக்காது. ஆகவே இரண்டும் ஏஸாக வருவது 1/169. திரும்ப வைக்காவிட்டால், முதல் ஏஸ் வந்துவிட்ட நிலையில் மீதி 51 சீட்டுகளில் 3 ஏஸ்களே இருப்பதால் அது 1/221 ஆகக் குறைகிறது. தேர்வில் 'ஒரே சமயத்தில் இரண்டு சீட்டுகள்' என்று கேட்டாலும் இதே 1/221 தான். அங்கே 1/169 எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

குறைந்தது ஒரு ஏஸ் வருவதற்கான வாய்ப்போ, திரும்ப வைத்தால் 25/169, வைக்காவிட்டால் 33/221. அதாவது 14.8 சதவீதம் 14.9 ஆகச் சற்றே கூடுகிறது. சராசரியாகக் கிடைக்கும் ஏஸ்களின் எண்ணிக்கை இரண்டு முறையிலும் 2/13 தான் என்பதால், இரட்டையாக வருவது குறையும்போது ஒற்றையாக வருவது கூடித்தான் ஆகவேண்டும்.

இரண்டு சீட்டுகளுக்கு மேல் எடுக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் நன்றாகத் தெரியும். திரும்ப வைக்காமல் எடுத்தால் 49 சீட்டுகளுக்குள் ஒரு ஏஸ் வந்தே தீரும். திரும்ப வைத்து வைத்து எடுத்தால், 52 முறை எடுத்த பிறகும் ஒரு ஏஸைக்கூடப் பார்க்காமல் எழுந்து போக ஏறத்தாழ 1.6 சதவீத வாய்ப்பு இருக்கிறது.