கேட்ட விதம் அப்படி!

கேள்வி: பிரிட்டன் ஆண்டபோது ஹாங்காங் மக்களுக்கு ஜனநாயகத்தில் அக்கறையே இல்லை, 1987-ல் அரசாங்கமே கருத்துக் கேட்டும் தேர்தல் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் முடிவை மட்டும் படித்திருக்கிறார். எண்ணிய விதத்தையும் படித்திருந்தால் இப்படி அடித்துச் சொல்லமாட்டார்.

1997-ல் ஹாங்காங் சீனாவுக்கு என்று 1984 டிசம்பரிலேயே இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டுவிட்டன. மக்களிடம் வாக்கெடுப்பு? கிடையாது. வரைவைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள், ஆனால் அதைத் திருத்த வழியில்லை என்பதையும் சொல்லிவிட்டே கேட்டார்கள். ஐ.நா.வின் காலனிப் பட்டியலிலிருந்தும் சீனா கேட்டு 1972-லேயே ஹாங்காங்கை எடுத்தாயிற்று. அதனால் சுதந்திரப் பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சியது ஒன்றுதான்: சட்டசபைக்குச் சில பேரையாவது மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா, அதையும் 1988-லேயே செய்யலாமா?

1987-ல் இதற்கென்று தனி அலுவலகம் திறந்து கருத்து வாங்கினார்கள். 1,30,000-க்கும் மேல் மனுக்கள் குவிந்தன. வேடிக்கை அங்கேதான். தேர்தல் கேட்டவர்கள் திரட்டிய கையெழுத்துகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவை தனி மனுக்களாகக் கணக்கில் ஏறவில்லை. வேண்டாம் என்று ஒரே வாசகத்தை அச்சடித்து, அடியில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிய தாள்களோ, ஒவ்வொன்றும் ஒரு தனி மனு! இப்படி எண்ணினால் எந்த ஊரிலும் எந்த விடையும் வரும்.

அரசாங்கம் ஒரு நிறுவனத்தை வைத்து எடுத்த சர்வே இன்னொரு கூத்து. வேண்டுமா, வேண்டாமா என்று நேராகக் கேட்காமல், பலவிதமான மாற்றங்களை அடுக்கி, அதற்குள் நேரடித் தேர்தலையும் ஒன்றாகச் செருகியிருந்தார்கள். நேராகக் கேட்ட மற்ற கணிப்புகளில் ஆதரவு வெகு அதிகம்.

காரணம் பரம ரகசியமில்லை. 1997-க்குப் பிறகு ஹாங்காங்குக்கான அடிப்படைச் சட்டம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. அது முடியும் முன் தேர்தல் வருவதை பெய்ஜிங் விரும்பவில்லை. லண்டனுக்கு மல்லுக்கட்ட மனமில்லை. 1988 பிப்ரவரியில் தேர்தலை 1991-க்குத் தள்ளிவிட்டார்கள், அதுவும் 10 இடங்களுக்கு மட்டும். (நூற்றைம்பது வருடம் ஆண்டவர்களுக்கு, மூட்டை கட்டும் நேரத்தில் பேட்டன் கவர்னராக வந்த பிறகுதான் ஜனநாயகத்தின் மேல் பாசம் பொங்கியது. அது தனிக்கதை.)

1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்ட போராட்டத்தைச் சீன ராணுவம் நசுக்கிய பிறகு அந்தப் பத்து பதினெட்டானது, சபையில் மொத்தம் 60. 1991-ல் வாக்களித்தவர்கள், பதிவு செய்தவர்களில் 39 சதவீதம்தான். நண்பர் இதைப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொள்ளட்டும். நிறையப் பேர் வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் யார் ஜெயித்தாலும் ஆளப்போவது லண்டன் அனுப்பிய கவர்னர்தான் என்று தெரிந்த ஊரில் 39 சதவீதம் வந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம், வந்தவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்றும் நண்பரைக் கேளுங்கள். 18 இடங்களில் 12, ஜனநாயகம் கேட்ட தலைவர் மார்ட்டின் லீயின் ஐக்கிய ஜனநாயகவாதிகள் கட்சிக்கு. பெய்ஜிங் ஆதரவு வேட்பாளர்களில் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை.