வரிசையில் புகுந்தவனுக்கு என்ன தண்டனை? – கடிதம்

வணக்கம் சார்,

சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜேம்ஸ் கன் எடுத்த ‘சூப்பர்’ (2010) படத்தை ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தீர்கள். ‘தி ஆஃபீஸ்’ தொடரில் ட்வைட்டாக வந்த ரெய்ன் வில்சன்தான் நாயகன் என்றதும் நகைச்சுவைப் படம் என்று நினைத்து நண்பனோடு பார்க்க உட்கார்ந்தேன். மனைவி விட்டுப்போன ஒரு சமையற்காரன் சிவப்புத் துணியில் தானே உடுப்பு தைத்துக்கொண்டு ‘க்ரிம்ஸன் போல்ட்’ ஆகிறான், பைப் ரெஞ்சால் அடிக்கிறான் என்பதுவரை நன்றாகச் சிரித்தோம். சினிமா வரிசையில் குறுக்கே புகுந்தவனின் மண்டையை உடைக்கும் இடத்தில் நண்பன் எழுந்து போய்விட்டான்.

நான் கடைசிவரை பார்த்தேன். அவனுக்குத் துணையாகச் சேர்கிற பெண் லிபி அவ்வளவு கோரமாகச் சாகிறாள். கொலை மேல் கொலை செய்தவன் வீட்டில் முயல் வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். முடிவில் போலீஸ் அவனைத் தேடி வரக்கூட இல்லை. படம் அவனைப் பாராட்டுகிறதா, கிண்டல் செய்கிறதா? அதே வருடம் வந்த ‘கிக்-ஆஸ்’ ஏறக்குறைய இதே கதையை எவ்வளவு கச்சிதமாகச் சொன்னது! இதில் உங்களுக்கு என்ன பிடித்தது என்று உண்மையிலேயே புரியவில்லை.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் எழுந்துபோன இடத்தால்தான் எனக்கு அந்தப் படம் பிடித்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். தியேட்டர் வாசலில் வரிசை. ஒருத்தன் தன் தோழியோடு நடுவில் புகுந்துகொள்கிறான், கேட்டால் திமிராகப் பேசுகிறான். நம் சமையற்காரன் ஃப்ராங்க் அங்கேயே அவன் சட்டையைப் பிடித்திருந்தால் அது கோபம், நம் எல்லோருக்கும் வருவதுதான். ஃப்ராங்க் அப்படிச் செய்வதில்லை. காருக்குப் போகிறான். இருக்கையில் நெளிந்து வளைந்து அந்தச் சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, ரெஞ்சோடு திரும்பி வருகிறான். பெரிய படங்களில் உடை மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இங்கே நேரமாகிறது, அந்த நேரம் முழுக்க நாம் சிரிக்கிறோம். அதற்குள் ஒரு மனிதனுக்குக் கோபம் ஆறியிருக்க வேண்டுமே! ஆறவில்லை. உடுப்புக்குள் நுழைந்ததும் அவனுக்கு அது கடமையாகிவிடுகிறது. அப்புறம் அடி விழுகிறது. உடைவது நிஜமான மண்டை மாதிரி இருக்கிறது. கூட வந்த பெண்ணுக்கும் ஓர் அடி.

உச்சக்கட்டத்தில், மனைவி சாராவைக் கூட்டிக்கொண்டுபோன வில்லன் ஜாக்கை (கெவின் பேகன்) எதிர்கொள்ளும்போது ஃப்ராங்க் கத்துவதைக் கவனித்தீர்களா? வரிசையில் புகக்கூடாது, போதைமருந்து விற்கக்கூடாது, குழந்தைகளிடம் தவறாக நடக்கக்கூடாது. எல்லாம் ஒரே மூச்சில். எது சிறிது, எது பெரிது என்ற கணக்கே அவனிடம் கிடையாது. விதிகள் எப்போதோ எழுதப்பட்டுவிட்டன, மாறாது என்கிறான். நியாயத்துக்காகத் துடிக்கிற ஆள் என்று நாம் மெச்சுகிறவர்கள் பலரிடம் இந்த அளவு தெரியாமை இருக்கிறது. கன் அதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறார், காட்டிவிட்டும் ஃப்ராங்கை வெறுக்காமல் இருக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான்.

‘அந்நியன்’ (2005) படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்பியும் ஏறக்குறைய ஃப்ராங்க்தான். விதிமுறைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறவன், யாரும் ஒரு பொருட்டாக மதிக்காதவன். விபத்தில் அடிபட்டவனைக் காரில் ஏற்றிக்கொள்ள மறுத்தவனும், ரயிலில் மோசமான சாப்பாடு போட்டவனும் கருட புராணத்தின் கணக்குப்படி சாகிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சம்ஸ்கிருதப் பெயர், பிரமாண்டமான காட்சியமைப்பு, அதிரும் இசை. தியேட்டரே கைதட்டியது, நானும் தட்டினேன். சோறு சரியில்லை என்பதற்காக ஒருத்தனை எண்ணெயில் பொரிக்கலாமா என்று அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. உறைக்காதபடி எடுக்கத் தெரிந்தவர் ஷங்கர். அது சாதாரணத் திறமை இல்லை. ஆனால் ‘சூப்பர்’ படத்தில் குற்றமும் தண்டனையும் அதே விகிதத்தில்தான் இருக்கின்றன. ஜிகினாவை மட்டும் உரித்துவிட்டார்கள். அங்கே கைதட்டிய கைதான் இங்கே ‘சே’ என்று முகத்தை மூடுகிறது.

‘கிக்-ஆஸ்’ கச்சிதமான படம், அதில் எனக்கும் சந்தேகமில்லை. முதல் சாகசத்திலேயே அந்தப் பையன் கத்திக்குத்து வாங்கி, காரில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அதுவரை நேர்மையான படம். கடைசியில் பார்த்தால், முதுகில் ஜெட்பேக்கும் இரண்டு பக்கமும் சுழல் துப்பாக்கியுமாகப் பறந்து வருகிறான். சாதாரண ஆள் என்று சொன்ன பேச்சு அங்கேயே போச்சு. ‘சூப்பர்’ படத்தின் செலவு சுமார் 25 லட்சம் டாலர், ஹாலிவுட்டில் அது சில்லறை. ஜெட்பேக் பற்றி யோசிக்கவே முடியாது. அந்தப் பஞ்சம் படத்துக்கு நல்லதே செய்திருக்கிறது. உடுப்பு உடம்பில் சரியாக உட்காராதது, ஃப்ராங்க் குப்பைத்தொட்டி மறைவில் குற்றம் எப்போது நடக்கும் என்று அலுத்துப்போய்க் காத்திருப்பது, எல்லாமே கையில் காசில்லாதவன் எடுத்த படத்தின் அழகு. கன் சினிமா பழகியது ட்ரோமா என்ற மலிவுப் படக் கம்பெனியில். கூச்சமில்லாமல் ரத்தம் காட்ட அங்கேதான் கற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் வயது வரம்புச் சான்று (ரேட்டிங்) இல்லாமலேயே படத்தை வெளியிட்டார்கள், போட்ட காசு தியேட்டரில் திரும்பவில்லை. அதே மனிதர் 2025இல் ‘சூப்பர்மேன்’ எடுத்தார் என்பது தனி வேடிக்கை.

சரி, பாராட்டா கிண்டலா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதையை நமக்குச் சொல்கிறவனே ஃப்ராங்க்தான். தன் வாழ்க்கையில் உருப்படியான தருணங்கள் இரண்டே இரண்டு என்று படத்தின் தொடக்கத்தில் சொல்கிறான். சாராவைக் கல்யாணம் செய்தது ஒன்று, துரத்திவந்த போலீஸ்காரருக்குத் திருடன் போன திசையைக் காட்டியது இன்னொன்று. இரண்டையும் சிறுபிள்ளை மாதிரி வரைந்து சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். இப்படிப்பட்டவனுக்கு, கடவுளின் விரல் தன் மண்டையைத் திறந்து மூளையைத் தொடுவதாக ஒரு தரிசனம் கிடைத்தால் என்ன ஆகும்? அவன் பார்க்கிற மதத் தொலைக்காட்சி நாயகனும் சேர்ந்து உசுப்பிவிடுகிறான். (அந்தத் தொலைக்காட்சித் தொடரின் பிசாசாக நடித்திருப்பவர் கன்தான்.) கடைசியில் மீட்டுவந்த சாரா கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறாள். வேறு கல்யாணம், குழந்தைகள். தேர்ந்தெடுக்கப்பட்டது நான் இல்லை, அவள்தான் என்று ஃப்ராங்க் முடிவுக்கு வருகிறான். இத்தனை பேர் செத்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதை அவனே எழுதிக்கொள்கிறான். அந்தக் கணக்கைப் படமும் ஒப்புக்கொள்கிறது என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் கோபம் நியாயம். என் வாசிப்பு வேறு. சுவர் நிறைய படங்கள் இருக்கின்றன, அவற்றில் லிபியும் இருக்கிறாள், பார்த்துக்கொண்டிருப்பவன் கண்ணில் நீர் வருகிறது. நீங்கள் நிம்மதி என்று எழுதியது எனக்கு அப்படித் தெரியவில்லை. போலீஸ் வராதது எனக்கும் உறுத்துகிறது, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

லிபி விஷயத்தில் எனக்கும் படத்தோடு சண்டை உண்டு. எலியட் பேஜின் நடிப்பு படத்திலேயே அபாரம். ஃப்ராங்குக்காவது கடவுள் இருக்கிறார். காமிக்ஸ் கடையில் வேலை பார்க்கிற லிபிக்கு அடிப்பதே சந்தோஷம், அவளை அவன்தான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவள் அவனை வலுக்கட்டாயமாக உறவுக்கு உட்படுத்தும் காட்சியைப் பாதி நகைச்சுவையாகக் கடந்துபோனது பெரிய பிசகு. அவன் ஓடிப்போய் வாந்தி எடுப்பதைக் காட்டியும் அது சரியாகவில்லை. ஆண், பெண் இடம் மாறியிருந்தால் அப்படி எடுக்கத் துணிந்திருப்பார்களா? சாவு வேறு விஷயம். பேசிக்கொண்டு, ஓடிக்கொண்டு இருந்தவள் ஒரு நொடியில் இல்லை. இரண்டு வரி வசனம் பேசிவிட்டுச் சாகும் சலுகை அவளுக்குக் கிடைக்கவில்லை. துப்பாக்கி இருக்கிற ஊரில் துணி உடுப்போடு போனால் அதுதான் நடக்கும். ஆனால் அடுத்த நிமிடமே அவள் சாவை ஃப்ராங்கின் ஆவேசத்துக்கு எரிபொருளாக்கிவிட்டார்கள். அங்கே மற்றப் படங்களின் புத்தி இதற்கும் வந்துவிட்டது.

இதெல்லாம் வெறும் கற்பனை என்றும் நினைக்க வேண்டாம். சியாட்டிலில் ஃபீனிக்ஸ் ஜோன்ஸ் என்ற பெயரில் முகமூடி அணிந்து ரோந்து போன ஒருவர் இருந்தார். படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த அதே 2011இல், தெருவில் சண்டை என்று நினைத்து ஒரு கூட்டத்தின் மேல் மிளகு ஸ்ப்ரே அடித்ததற்காகக் கைதானார். அரசுத் தரப்பு வழக்குத் தொடுக்கவில்லை. தாங்கள் சண்டையே போடவில்லை என்பது எரிச்சலில் கண்ணைக் கசக்கியவர்களின் கட்சி.

உங்கள் நண்பருக்கு ‘சூப்பர்’ வேண்டாம், ‘டிஃபெண்டர்’ (2009) போட்டுக் காட்டுங்கள். பீட்டர் ஸ்டெபிங்ஸ் எடுத்த கனடாப் படம், நாயகன் வுடி ஹாரல்சன். சாலைப் பணியாளன், மார்பில் பிளாஸ்டர் டேப்பால் ஒட்டிய ஓர் எழுத்து, ஆயுதங்கள் கோலிக்குண்டும் எலுமிச்சைச் சாறும் பாட்டிலில் அடைத்த குளவிகளும். ‘சூப்பர்’ அளவுக்குத் துணிச்சல் கிடையாது, நடுவில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் யாரும் பாதியில் எழுந்துபோக மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.