கடலோரத்தில் ஓடும் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். 1999-ம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். 1.8 லிட்டர் இன்ஜின், இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார், எடை ஏறக்குறைய 1,050 கிலோ. டயர் அளவு 195/50 ஆர்15. வருடத்துக்கு 3,000 கி.மீ. ஓடினால் அதிகம். வார இறுதியில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, எப்போதாவது மதுரை. டயரில் பட்டன் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டிருக்கிறது. ஓரத்தில் 1417 என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளூர்க் கடையில் 195/60 ஆர்15 கையிருப்பில் இருக்கிறதாம், ‘அதுவே சரியாக உட்காரும்’ என்கிறார்கள். நண்பர் ஒருவரோ ரேஸ் டிராக்கில் போடுகிற, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் டயர்தான் வாங்க வேண்டும் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். 195/50 ஆர்15 82வி அளவிலேயே, மழைக்கு ஏற்ற நல்ல சாலை டயராக, புத்தம் புதிய தேதியில், நான்கையும் ஒன்றாக வாங்குங்கள். ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் இப்போதுள்ள டயர். 1417 என்றால் 2017-ம் ஆண்டின் 14-வது வாரத்தில், அதாவது ஏப்ரலில் தயாரானது. பட்டன் 5 மி.மீ. இருப்பதை நம்பி ஓட்டாதீர்கள். நம் கடற்கரையில் குறைவாக ஓடும் காருக்கு டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. ரப்பருக்குள் மெழுகும் ஓசோனைத் தடுக்கும் வேதிப்பொருளும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு மடங்கி நிமிரும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வரும். வாரம் முழுக்க நின்ற இடத்தில் நிற்கிற டயரில் அந்தக் காப்பு மேலே வருவதில்லை. வெயிலும் ஓசோனும் நேரே ரப்பரைத் தின்கின்றன. விரலால் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். வெடிப்பு ஆழமாக விரிந்தால் மேல் தோல் போய்விட்டது என்று அர்த்தம். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியிலும் அதே கோடுகள் ஓடினால் அந்த டயரில் மதுரைக்குப் போகவே கூடாது. சட்டப்படி பட்டன் 1.6 மி.மீ. வரை தேயலாம்தான். ஆனால் கெட்டிப்பட்ட ரப்பர் ஈரத் தார் ரோட்டில் பிடிப்பதில்லை, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருந்தாலும். இந்தக் கரையில் ஆறு வருடத்துக்கு மேல் ஒரு டயரை நம்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

அடுத்து கடைக்காரர் சொன்ன 195/60. கணக்குப் போட்டால் புரிந்துவிடும். 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 50, 60 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது. 15 அங்குல ரிம் 381 மி.மீ. அதோடு பக்கவாட்டு உயரம் மேலும் கீழும் சேரும். 195/50-ல் மொத்த விட்டம் 576 மி.மீ. 195/60-ல் 615 மி.மீ. கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது கார் 85-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கியர் விகிதம் நீண்டு, இழுவை மந்தமாகும். கார் ஏறக்குறைய 20 மி.மீ. உயர்ந்து, வளைவில் பக்கவாட்டு நெளியும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் உள் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. ‘உட்காரும்’ என்பது ரிம்மில் உட்காரும் என்பதுதான், இந்தக் காருக்குப் பொருந்தும் என்பதல்ல. 195/50 எங்கு தேடியும் கிடைக்காமல் போனால் 195/55 ஆர்15 85வி வரை இறங்கி வரலாம். விட்டம் சுமார் 596, வித்தியாசம் 3.4 சதவீதம். கார் 10 மி.மீ. உயரும், குண்டும் குழியுமான ஊர்ச் சாலைக்கு அது நல்லதும்கூட. வாங்கும் முன் ஒரே ஒரு டயரை முன்னால் மாட்டி, இரு பக்கமும் முழுதாக ஒடித்து, உரசலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் 82 என்பது சுமை அளவு: ஒரு டயர் 475 கிலோ தாங்கும். நான்குக்கு 1,900 கிலோ. உங்கள் காரில் இரண்டு பேரும் பையும் ஏறினாலும் 1,250 கிலோவைத் தாண்டாது. அதனால் ‘இன்னும் பலமானது, எக்ஸ்எல்’ என்று கூடுதல் சுமை தாங்கும் வகையைத் தந்தால் வாங்காதீர்கள். கனமான காருக்காகக் கெட்டியாகச் செய்த பக்கவாட்டை இந்தக் காரின் எடை மடக்கவே மடக்காது. மடங்காத டயர் சாலையின் மேடுபள்ளத்தை உள்வாங்காமல் துள்ளும். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது பின்பக்கம் டக் டக்கென்று எகிறுவது இதனால்தான். வி என்பது 240 கி.மீ. வேகத் தரம். அவ்வளவு வேகம் யாரும் போகப் போவதில்லை, ஆனால் சூட்டைத் தாங்கும் உள்கட்டமைப்பு அந்தத் தரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். கடையில் ஒரு தராசு இருந்தால் டயரைத் தூக்கி வைத்துப் பாருங்கள்; இந்த அளவில் 8 கிலோவை ஒட்டி இருப்பது நல்லது, 10 கிலோ என்றால் யோசியுங்கள். சக்கரத்தில் குறையும் ஒவ்வொரு கிலோவையும் எடை குறைந்த கார் உடனே உணர்த்தும்.

நண்பர் சொல்லும் ரேஸ் டயருக்கு வருவோம். அதன் பிடிப்பு உண்மைதான். பக்கவாட்டில் தேய்மான எண் 200 அல்லது அதற்கும் கீழே அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, தேய்மானம் வேகம். சித்திரை வெயிலில் நம் தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டும், அதில் அது ஒட்டிக்கொண்டுதான் ஓடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, தேசிய நெடுஞ்சாலை 87-ன் ஓரமெல்லாம் தண்ணீர் கட்டும்போது, பள்ளம் குறைந்த அந்த டயரால் நீரை வெளியேற்ற முடியாது. கனமான கார் தன் எடையால் நீரைப் பிதுக்கித் தள்ளும். எடை குறைந்த கார் சீக்கிரம் மிதந்துவிடும். இன்னொன்று, உங்கள் ஓட்டத்துக்கு அந்த டயர் தேய ஐந்தாறு வருடம் ஆகும், அதன் மென்மையோ இரண்டு மூன்று கோடையிலேயே போய்விடும். பணம் கொடுத்து வாங்கிய பிடிப்பு பாதி வழியிலேயே காய்ந்துவிடும்.

ஆகவே தேய்மான எண் 280 முதல் 400-க்குள், ஈரப் பிடிப்புக்கு ஏஏ அல்லது ஏ, சூட்டுக்கு ஏ என்று அச்சிட்ட டயரைத் தேடுங்கள். சுற்றளவு நெடுக மூன்று நான்கு நேர்ப் பள்ளங்கள் ஆழமாக ஓட வேண்டும். வெளிப்புறத் தோளில் பட்டன்கள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்தாற்போல் இருந்தால் வளைவில் உறுதி. அம்புக்குறி போட்ட ஒருதிசை டயரைவிட, உள்பக்கம் வெளிப்பக்கம் என்று குறித்த டயர் வசதி. இடம் வலம் மாற்றிப் போடலாம்.

எந்தக் கம்பெனி என்பதைவிடத் தேதி முக்கியம். அதிகம் விற்காத அளவு இது, கிடங்கிலேயே இரண்டு வருடம் தூங்கியிருக்கக்கூடும். பணம் கட்டும் முன் நான்கு டயரின் நான்கு இலக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் மகிழ்ச்சி, ஒரு வருடத்துக்கு மேல் என்றால் மறுத்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வளைகுடா நாடுகளிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் பாதி ஓடிய டயர் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். பாலைவன வெயிலில் அது ஏற்கெனவே காய்ந்தது. இரண்டு மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்கவும் நினைக்காதீர்கள். பின்சக்கரம் இழுக்கும் கார் இது; முன்னும் பின்னும் பிடிப்பு மாறினால் ஈரச் சாலையில் வால் சுழன்றுவிடும்.

மாட்டும் வேலையில்தான் கடற்கரைக்கே உரிய சிக்கல்கள் வரும். பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மின் உள் விளிம்பைப் பாருங்கள். டயர் ஓரம் உட்காரும் அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். விரலில் தேய்த்தால் உப்பு மாதிரி ஒட்டும். ‘பஞ்சரே இல்லை, வாரம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைகிறது’ என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். 180 எண் உப்புத்தாளால் அதைத் துடைத்து வழவழப்பாக்கி, விளிம்புக்கான சீலர் தடவிய பிறகே புது டயர் ஏற வேண்டும். கிரைண்டர் வைக்க விடாதீர்கள். நான்கு வால்வும் புதிது போடுங்கள், ரப்பர் வால்வே போதும். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பளபளக்கும் உலோக மூடி உப்புக் காற்றில் வால்வோடு இறுகி, ஒருநாள் திருகும்போது வால்வையே பிடுங்கிக்கொண்டு வரும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரட்டும், பேலன்சிங்குக்கு எடைக்கட்டி குறைவாகப் பிடிக்கும். பேலன்சிங் மெஷினில் உள்ளும் புறமும் பூஜ்ஜியம் காட்டும்வரை விடாதீர்கள். பெரிய கார் மறைக்கும் 5 கிராம் வித்தியாசம் இந்த ஸ்டியரிங்கில் கையை நடுக்கும்.

காரைத் தூக்க முன்பக்கம் குறுக்குச் சட்டத்தின் அடியிலும் பின்பக்கம் டிஃபரன்ஷியலின் அடியிலும் ஜாக்கி வையுங்கள். கதவுக்குக் கீழே உள்ள தகட்டு விளிம்பு எளிதில் வளைந்துவிடும். சக்கர நட்டுகளை 89 முதல் 117 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ஸ்பேனரால் இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

வீல் அலைன்மென்ட் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. இந்தக் காரின் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளில் உள்ள கேம் போல்ட்டுகளைத் திருப்பித்தான் கோணங்களைச் சரிசெய்ய முடியும். உப்புக் காற்றில் அவை புஷ் எனும் ரப்பர் உறையின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு சேர்ந்து துருப்பிடித்து இறுகிவிடும். கடைக்காரர் அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்றதும் முன்சக்கர டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணத்தை) மட்டும் திருப்பி ‘சரியாகிவிட்டது’ என்பார். ஆகாது. புது டயரின் உள் ஓரம் 5,000 கி.மீ.யில் மொட்டையாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை மூன்று நான்கு நாள் தொடர்ந்து அடித்து, போல்ட்டுகளை இளக்கி, ஒட்டாமல் இருக்கச் செம்பு கிரீஸ் தடவிய பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஒரு மூட்டை வைத்து அளக்கச் சொல்லுங்கள். இவ்வளவு எடை குறைந்த காரில் ஒரு ஆளின் எடை கோணத்தை மாற்றும்.

எல்லாம் சரியாக முடிந்து, பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் பழக்கத்தில் 35 பிஎஸ்ஐ அடித்துவிட்டால் செலவழித்ததெல்லாம் வீண். இந்தக் காருக்கு முன்னும் பின்னும் 26 பிஎஸ்ஐ. நம்ப மறுப்பார்கள், நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்களோடு சேர்த்துக் காரின் எடை 1,120 கிலோ என்றால் சக்கரத்துக்கு 280 கிலோ. 26 பிஎஸ்ஐயில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 153 சதுர செ.மீ., விரல்களோடு விரித்த ஒரு கை அளவு. 35 பிஎஸ்ஐயில் அது 114-ஆகச் சுருங்கிவிடும். தரையைத் தொடும் பரப்பில் கால்வாசியைக் காற்றடிக்கும் குழாயிலேயே இழந்தாயிற்று. அதிகாலையில், கார் ஓடுவதற்கு முன், சொந்த கேஜ் வைத்து அளந்து கொள்ளுங்கள். அப்போது 26 இருந்தால் நண்பகல் வெயிலில் ஓடியபின் 30 காட்டும். அது இயல்பு, இறக்கிவிடாதீர்கள்.

கேஜ் இன்னொன்றுக்கும் தேவை: சீமைக்கருவேல முள். நம் மாவட்டத்தில் சாலை ஓரம் நிறுத்தினாலே ஏறிவிடும். முள் நுழைந்ததும் நுனி முறிந்து, பட்டன்களுக்கு நடுவே ஒரு கறுத்த புள்ளியாக நிற்கும். காற்று மெதுவாகத்தான் கசியும். எடை குறைந்த காரில் 12 பிஎஸ்ஐக்கு இறங்கினாலும் டயர் கண்ணுக்கு நிறைவாகவே தெரியும், வளைவில்தான் வேலையைக் காட்டும். பட்டன் பகுதியில் ஏறிய முள்ளுக்கு டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து செருகும் ஸ்ட்ரிப் ஊர் போய்ச் சேர மட்டும். பக்கவாட்டில் முள் ஏறினால் அந்த டயர் முடிந்தது. பஞ்சர் ஜெல் ஊற்றாதீர்கள். கார் நிற்கும்போது அடியில் தேங்கி, ஓடும்போது சக்கரத்தை உதறும்.

முதல் 200 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், அச்சிலிருந்து வந்த வழுக்கல் பூச்சு மேலே இருக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், தனுஷ்கோடியைத் தாண்டிய அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும். அதற்கு எந்த டயரும் பதில் இல்லை, வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. திரும்பி வந்ததும் ரிம்மையும் டயரையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவது உப்பின் மேல் உப்பு. குழாயில் வரும் காவிரிக் குடிநீர் ஒரு வாளி போதும். பளபளப்புக்கு எண்ணெய்ப் பசை தடவாதீர்கள், ரப்பரில் உள்ள மெழுகைக் கரைத்துவிடும். வெயில் படும் பக்கத்து டயர்களுக்கு ஒரு பழைய சாக்கைத் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறையாவது பத்து கி.மீ. ஓட்டுங்கள்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் அது காரோடு வந்ததாக, 1999 அல்லது 98-ல் செய்ததாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் தேதி மூன்றே இலக்கம்: 239 என்றால் 1999-ன் 23-வது வாரம். மூன்று இலக்கம் கண்டால் அதை மாட்டி ஓட்டாதீர்கள். ரிம் நன்றாக இருந்தால் டயரை மட்டும் மாற்றுங்கள். அதே அளவு கிடைக்கும்வரை 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும், இழுவை வண்டிக்காரர் எண் ஒன்றும் காரில் இருக்கட்டும்.